நம்பித் தின்ற உப்பு

பிரிஜெட் பொல்லாதவள் இல்லை. பொல்லாதவளாக இருந்திருந்தால் இவ்வளவு கேடு வந்திருக்காது. ஆறு வருஷத்துக்கு முன்னால், பாக்கெட் உப்பில் கெமிக்கல், பாக்கெட் பாலில் சோப்புத்தூள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே நம்பினாள். அன்றைக்கே இரண்டையும் வீட்டை விட்டு ஒழித்தாள். ரோஸ் நிற இந்துப்பு மூட்டைகளை வரவழைத்து, கவரில் கட்டி, லிங்கராஜபுரத்தில் ஞாயிறு பூசை முடிந்து வருகிற பெண்கள் கையிலெல்லாம் திணித்தாள். ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு வீட்டில் வேறு ஆக்குகிற ரகமும் இல்லை. புருஷன் டெரிக்குக்கு மீன் வாடையே ஆகாது, அதனால் வீட்டில் மீனும் கிடையாது. அவன் தின்கிற சாம்பாரில் அந்த உப்புதான். ஜூலியா வயிற்றில் இருந்த பத்து மாசமும் அதுதான், பிறந்த பிறகு பிசைந்து ஊட்டிய பருப்புச் சோற்றிலும் அதுதான்.

ஜூலியாவுக்கு இப்போது ஐந்து வயது. மூன்று வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருப்பாள். "மா", "தா" என்பதைத் தவிர வாயில் வார்த்தை இல்லை. கழுத்தில் லேசான வீக்கம். "லேட்டா பேசறது எங்க வம்சத்துலயே உண்டு" என்று சொல்லிச் சொல்லியே பிரிஜெட் இரண்டு வருஷத்தை ஓட்டினாள். ஸ்கூலில் சேர்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் சீதாலட்சுமி ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "வீட்ல என்ன உப்பும்மா?"

இந்துப்பு, பால் நிறுத்தியது, மீன் இல்லாதது எல்லாவற்றையும் பிரிஜெட் பெருமையாகத்தான் சொன்னாள்.

"அதுல அயோடின் சேர்க்கறதில்லம்மா. பாலும் இல்ல, மீனும் இல்லன்றீங்க. வயித்துல இருந்தப்பவே இவளுக்குப் பத்தல. அயோடின் இல்லாம தைராய்டு வேலை செய்யாது, மூளை வளராது. மாத்திரை தர்றேன். இன்னிக்கே அயோடின் போட்ட பாக்கெட் உப்புக்கு மாத்துங்க. இனிமே வளர்றது வளரும்."

"இதுவரைக்கும் போனது, டாக்டர்?"

"முழுசா வராதும்மா." டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே கேட்டார். "இந்த உப்ப வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா? கர்ப்பமா யாராச்சும் இருக்காங்களா?"

பிரிஜெட் எழுந்துவிட்டாள். தம்பி க்ளென் பெண்டாட்டி குளோரியா ஐந்து மாசம். மாசம் தவறாமல் உப்பு கொண்டுபோய்க் கொடுத்தவள் இவள்தான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜோகுபாளையத்துக்கு ஆட்டோ பிடித்தாள். குளோரியாவிடம் சொல்வதென்றால், பெற்ற பிள்ளையை நானே கெடுத்தேன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, டெரிக்குக்குக்கூடத் தெரியாது என்று மனசுக்குள் ஒரு பிசாசு ஓதத்தான் செய்தது. சீ, சும்மா இரு என்று அதை அதட்டிக்கொண்டே படியேறினாள்.

"குளோரியா, அந்த உப்பத் தொடாத. எல்லாத்தையும் கொட்டிடு. ஜூலியாவுக்கு இப்படி ஆனது அதாலதானாம். பாவி நான், உன் பிள்ளைக்கும் சேத்துக் குடுத்துட்டேன்" என்று வாசலிலேயே கத்தி அழுதாள்.

குளோரியா அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை, கூச்சம்தான் இருந்தது. அடுப்படிக்குப் போய் சிங்குக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து வந்தாள். உள்ளே பிரிஜெட் கட்டிக் கொடுத்த கவர்கள், கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. ஒன்று மட்டும் பிரிந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. மீன் கழுவ மட்டும் இத எடுப்பேன். சமையலுக்கு எப்பவும் பாக்கெட் உப்புதான்."

"சாமி, உனக்கு ஸ்தோத்திரம்!" பிரிஜெட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். உடனே முகம் மாறியது. "சர்ச்ல மத்தவங்க? நூறு பேருக்கு மேல குடுத்திருக்கேனே!"

"யாரும் சமையல்ல போடறதில்ல அண்ணி. நீங்க ஆசையா குடுக்கறீங்க, மனசு நோகுமேன்னு வாங்கிப்பாங்க. கால் வலிக்கு வெந்நீர்ல போடுவாங்க, பாத்திரம் தேய்ப்பாங்க. எனக்குத் தெரிஞ்சி யாருமே சாப்பிடல."

பிரிஜெட் அந்தக் கவர்களையே பார்த்தாள். நூறு வீட்டில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஆறு வருஷம். ஒருத்தியாவது எங்கிட்ட சொல்லக்கூடாதாடி?"

"இதுல அயோடின் இல்லன்னு உங்க பக்கத்து வீட்டு பாகீரதி டீச்சர் சொன்னாங்களே, அண்ணி. நீங்க அவங்களோட பேச்ச விட்டுட்டீங்க."

ஆமாம், சொல்லியிருந்தாள். அப்போது ஜூலியா வயிற்றில் மூன்று மாசம்.

மடியில் இருந்த ஜூலியா, அழுகிற அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். என்னவோ கேட்க நினைத்தவள்போல் வாயைத் திறந்தாள்.

"மா" என்றாள்.