எவாரிஸ்தோவின் ரத்தம்

கொரோனாக் காலத்தில் லிமாவில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள் பெரியவர் எவாரிஸ்தோதான். ஆஸ்பத்திரி முனையில் தள்ளுவண்டி போட்டு, பார்லியும் மூலிகையும் கொதிக்கவைத்த எமோலியெந்தே விற்பவர். நான் அதே ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்த்தவள். என் சீருடையைக் கண்டாலே பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். வீட்டுக்காரி கதவிடுக்கு வழியாகத்தான் பேசுவாள். அவர் மட்டும் "வா, ஒல்லி" என்று கூப்பிட்டு, குடித்து முடித்த டம்ளரில் கொசுறாக இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். அவருடைய ஒரே மகள் சிலேயில் இருந்தாள். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் ஆளில்லை.

ஒருநாள் அவருக்கே காய்ச்சல் வந்தது. மூக்குச் சளியில் கிருமி இருந்தது. ஆனால் நடக்கிறார், நையாண்டி பேசுகிறார். படுக்கைகளுக்குத் தட்டுப்பாடு, டாக்டர் மாத்திரை கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அப்போது எங்கள் லேபில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. ரத்தத்தில் கிருமி எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்தால், நோய் எவ்வளவு முற்றும் என்று தெரியுமா என்பதுதான் கேள்வி. அதற்காக அவரிடம் ரத்தம் கேட்டேன். கையை நீட்டி, "கொசுறா இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோ" என்றார்.

மறுநாள் இயந்திரம் காட்டிய அளவை இரண்டு தடவை சரிபார்த்தேன். ரத்தத்தில் அவ்வளவு கிருமி இருந்தவர்களில் பெரும்பாலோர் செயற்கை மூச்சில்தான் கிடந்தார்கள். ஆய்வு முடியும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது விதி. விதியாவது மண்ணாவது என்று அவர் குடியிருந்த வாடகை அறைக்கு ஓடினேன்.

ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். உள்ளே போகிறவர்கள் ஜாடியில் சாம்பலாகத்தான் வெளியே வருகிறார்கள், சாவதற்குப் பயமில்லை, முகம் தெரியாதவர்கள் நடுவில் சாவதற்குத்தான் பயம் என்றார்.

"நான் அங்கதானே வேலை பாக்குறேன். தெனமும் வந்து உங்களைப் பாக்குறேன், போதுமா?"

ரேடியோவை அணைத்தார். "அப்பச் சரி" என்று எழுந்து சட்டையை மாட்டினார்.

டாக்டரிடம் அந்த அளவைச் சொல்லி வாதாடி ஒரு படுக்கை வாங்கினேன். சேர்த்த அன்றே மூச்சு வாங்க ஆரம்பித்தது. மறுநாள் புது உத்தரவு வந்தது: வார்டு ஆட்களைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக்கூடாது. கெஞ்சினேன், சண்டை போட்டேன். எங்களுக்கே கவச உடை போதவில்லை, உனக்கு எங்கே போவது என்றாள் தலைமை நர்ஸ். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவருக்குச் சொல்லியனுப்பினேன், அந்த அமளியில் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

அவர் ரத்தம் மட்டும் தினமும் என்னிடம் வந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்ததும் முதலில் அவருடைய குழாயைத்தான் எடுப்பேன். ஆளில்லாத நேரங்களில் அதோடு பேசவும் செய்தேன்; வெட்கக்கேடுதான். கிருமியின் அளவு ஏறியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு மெல்லக் குறைந்தது. ரத்தத்தில் கிருமியே இல்லை என்று வந்த அன்று அழுதேன். கூப்பிட்டுச் சொல்ல ஒருத்தர்கூட இல்லை.

வண்டி மறுபடியும் முனைக்கு வந்த காலையில் ஓடிப்போய் நின்றேன். பாதி ஆளாகியிருந்தார்.

"கதவு தொறக்குற ஒவ்வொரு தடவையும் நீதான்னு பாத்தேன்" என்றார்.

உள்ளே விடவில்லை, உங்கள் ரத்தம் என் கைக்குத்தான் வந்தது, நீங்கள் தேறியதை முதலில் பார்த்தவளே நான்தான் என்றெல்லாம் கொட்டித் தீர்த்தேன். டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ரத்தத்தைப் பாத்தே. என்னைப் பாக்கலையே."

பிறகு எனக்குப் பின்னால் நின்றவரிடம், என்ன வேண்டும் என்று கேட்டார்.