மூத்த மருமகள் பேசாத நாற்பது எபிசோடு

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்குப் புள்ளியார் என்று பெயர். 'நடு அறை' தொடருக்கு வசனம் எழுதுகிறவர் அவர்தான். அவர் தரும் தாளில் வசனத்தைவிட வசனத்துக்கு நடுவே வைத்த புள்ளிகள்தான் அதிகம் என்று உதவி இயக்குநர் ஒருத்தி கிண்டல் செய்யப்போய், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. புள்ளி வைத்தால் பக்கம் நிறையும். பக்கம் நிறைந்தால் வீட்டுக்குப் போகலாம்.

'நடு அறை' ஒரு கூட்டுக் குடும்பத்தின் கதை. ஏழு பேர், மூன்று அறை, வாரத்துக்கு ஐந்து நாள், மாலை ஏழரை மணி. அதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னவர்கள் இல்லை. பார்க்காமல் இருந்தவர்களும் இல்லை. ஒரு நாளிதழ் விமர்சகர், "வேகமாக ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் யாரும் அசையவில்லை" என்று எழுதினார். ஒரு பெண்மணி, "நான் பிரசவத்துக்குப் போகும்போது மாமனார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது. இப்போதுதான் இடதுகால் செருப்பு கிடைத்திருக்கிறது" என்று இணையத்தில் போட, பல்லாயிரம் பேர் சிரித்தார்கள். புள்ளியாரும் சிரித்தார். தன்னைத் திட்டுகிறவர்கள் தன்னைவிட நன்றாக எழுதுகிறார்களே என்பதுதான் அவருக்கு உறுத்தல்.

அந்த நேரத்தில்தான் மூத்த மருமகளாக நடிக்கும் பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு வாரம் வாயே திறக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பேசாமலே வரட்டும் சார்," என்றார் புள்ளியார். "நடக்கட்டும், ஜன்னலைத் திறக்கட்டும், மூடட்டும்."

"எதுக்குப் பேசலைன்னு கேப்பாங்களேய்யா?"

"கேக்கட்டும் சார். கேட்டுக்கிட்டே பார்ப்பாங்க."

உண்மையில் அவருக்கு அந்த இரண்டு வாரமும் கொண்டாட்டம். மற்றவர்களுக்கு இரண்டு வரி, மருமகளுக்கு முழுப் பக்கம் புள்ளி. மத்தியானமே வீட்டுக்கு வந்து தூங்கினார்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் தலையில் இடி விழுந்தது. திட்டு என்றால் தாங்கியிருப்பார், வந்தது பாராட்டு. கனமான இதழ் ஒன்றில் பெரிய விமர்சகர் ஒருவர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். மூத்த மருமகளின் மௌனம் வெறும் கோபமல்ல, காலங்காலமாகச் சமையலறைகளில் விழுங்கப்பட்ட சொற்களின் திரட்சி. இதை எழுதியவர் வசனகர்த்தா அல்ல, மௌனகர்த்தா.

புள்ளியார் கட்டுரையை முதலில் நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். மூன்றாம் முறை படித்தபோது, இதைத்தானே நாம் நினைத்து எழுதினோம் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

அன்று முதல் அவர் தோரணையே மாறிப்போனது. ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு முன் ஜன்னலைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, பல்லு வலியா?"

அவர் மெதுவாகத் திரும்பினார். "இல்லை. யோசிக்கிறேன்."

"குழாய ரிப்பேர் பண்ண ஆள் வந்தானான்னுதானே கேட்டேன்? இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நடிகைக்குத் தொண்டை சரியாகிவிட்டது. "சார், எனக்குப் பேச வருது சார்," என்று அவள் பேசியே காட்டினாள். இயக்குநரும் புள்ளியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விருதுக் குழு என்றொரு சொல் அதற்குள் இருவர் காதிலும் விழுந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் மௌனமா இரும்மா," என்றார் இயக்குநர். அந்தக் கொஞ்ச நாள் ஆறு வாரமாக நீண்டது.

அதற்கிடையில் தொலைக்காட்சி நிறுவனம் ரசிகர்களை அழைத்து ஒரு கூட்டம் போட்டது. மேடையில் புள்ளியாருக்கும் ஒரு நாற்காலி. மருமகளின் மௌனத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். இதழில் படித்ததையே கொஞ்சம் முன்பின் மாற்றிச் சொன்னார். கைதட்டல் வந்தது. பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் எழுந்தாள். தையல் கடை வைத்திருப்பதாகச் சொன்னாள்.

"சார், அந்தப் பொண்ணு எப்ப வாயத் திறப்பா?"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"கிண்டலுக்குக் கேக்கல சார். எனக்கும் என் தங்கச்சிக்கும் பதினோரு வருஷமாப் பேச்சில்ல. அவ மக கல்யாணத்துக்கு நான் தச்ச ஜாக்கெட் இறுக்குதுன்னு நாலு பேர் முன்னாடி சொன்னா. ஜாக்கெட் இறுக்கல, நீதான் ஊதிட்டேன்னு நான் நாப்பது பேர் முன்னாடி சொல்லிட்டேன். அதோட சரி. ஆறு வாரம் முன்னாடி என் வீட்டு டிவி ரிப்பேர். பக்கத்துச் சந்துல அவ வீடு. உங்க கதைய விட மனசில்லாம போய் உக்காந்துட்டேன். அவளும் ஒண்ணும் சொல்லல, நகர்ந்து இடம் விட்டா. டிவியிலயும் யாரும் பேசல, அதனால எங்களுக்கும் சங்கடமாத் தெரியல. தினமும் போறேன், பார்க்குறேன், எந்திரிச்சு வந்துடறேன். மொதல்ல என்ன பேசுறதுன்னுதான் தெரியல சார். அந்தப் பொண்ணு எதையாவது சொல்லி ஆரம்பிச்சா, அதையே நானும் பிடிச்சுக்கலாம்னு பார்க்குறேன்."

புள்ளியார் பழக்கதோஷத்தில் ஜன்னலைத் தேடினார். அந்த அரங்கத்தில் ஜன்னலே இல்லை. "கொஞ்சம் பொறுத்திருங்கம்மா," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அதற்கும் கைதட்டினார்கள். அவருக்குக் காது கூசியது.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தார். மூத்த மருமகளின் முதல் வாக்கியம். "இந்த வீட்டின் சுவர்களுக்குக்கூட என் குரல் மறந்துவிட்டது" என்று எழுதி மனைவியிடம் காட்டினார்.

"யாருங்க இப்படிப் பேசுவா? ரேடியோவா?"

இன்னும் ஆறேழு எழுதினார். எல்லாவற்றுக்கும் அவள் உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் அவர் தையல்கார அம்மாள் கேட்டதைச் சொல்லிவிட்டார். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுன்னு அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"மேடையில எப்படிச் சொல்றது?"

"கடையில போய்ச் சொல்லுங்க. பாவம், உங்களப் பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

மறுநாள் காலை விசாரித்துக்கொண்டு போனார். பத்துக்குப் பத்தில் கடை. இரண்டு தையல் மிஷின், சுவரெல்லாம் அளவு எழுதிய துண்டுச்சீட்டு. அம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். புள்ளியார் எதையும் மறைக்கவில்லை. தொண்டை கட்டியது, தான் மத்தியானத்தில் தூங்கியது, இதழில் படித்துவிட்டு அதையே மேடையில் ஒப்பித்தது, விருது ஆசையில் இழுத்தடித்தது.

"அதுல ஒரு அர்த்தமும் இல்லக்கா. என்னை நம்பிக் காத்திருக்காதீங்க."

அம்மாள் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று புள்ளியார் தயாரானார். அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, மிஷின் மேலிருந்த போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் எடுத்ததும் முன்னுரை எதுவும் இல்லை.

"ஏய், கேட்டியாடி? அவளுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சாம்டி! அவ்வளவுதானாம்!"

போனிலிருந்து வெடித்த சிரிப்பு ஸ்டூல் வரைக்கும் கேட்டது.

"ஆமாண்டி, எழுதுற ஆளே இங்கதான் உக்காந்திருக்கான். மூஞ்சியப் பார்த்தா அவ்வளவு பெரிய திருடனாத் தெரியல... இல்லடி, சொட்டையெல்லாம் இல்ல, லேசா..."

அரை மணி நேரம் அக்காவும் தங்கையும் அவரைத் துவைத்துக் காயப்போட்டார்கள். செருப்பு தேடிய மாமனார், காரணமே இல்லாமல் மூன்று நாள் மொட்டைமாடியில் நின்ற சின்ன மருமகன், ஒருத்தரையும் விடவில்லை. நடுவே அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பினாலா, வேறு எதனாலா என்று புள்ளியார் கேட்கவில்லை. எந்த விமர்சகரும் அவரை இவ்வளவு கிழித்ததில்லை. எந்த விமர்சனத்துக்கும் அவர் இவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்ததுமில்லை.

வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் அந்த வரியை எழுதினார். மௌனம் தொடங்கிய நாளிலிருந்து நாற்பதாவது எபிசோடின் முடிவில் மூத்த மருமகள் மாமியாரிடம் சொல்வாள்: "அத்தை, அந்தக் கதவ கொஞ்சம் சாத்துங்க. தூசி வருது."

"இதுக்காய்யா எட்டு வாரம்?" என்று இயக்குநர் கத்தினார். ஆனாலும் எடுத்தார்கள். பேச விட்டார்களே என்ற நிம்மதியில் அந்த நடிகை அதை அவ்வளவு இயல்பாகச் சொன்னாள்.

பெரிய விமர்சகர், மாபெரும் மௌனமொன்று தூசிக்காகக் கலைக்கப்பட்டுவிட்டது என்று இரங்கல் எழுதினார். நாளிதழ்க்காரர், ஒருவழியாகக் கதவாவது அசைந்தது என்று எழுதினார். விருது வேறெங்கோ போனது.

புள்ளியாருக்கு ஒருவரின் கருத்துதான் வேண்டியிருந்தது. பழைய பேன்ட் ஒன்றை இடுப்பு பிரிக்க வேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். இப்போது இரண்டாவது மிஷினில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அக்காவைவிட உருண்டை, அக்காவைவிடச் சத்தம்.

"வாங்க தம்பி," என்றாள் அம்மாள்.

கொஞ்ச நேரம் பேன்ட்டைப் பற்றிப் பேசிவிட்டு அவர் மெல்லக் கேட்டார்: "வெள்ளிக்கிழமை எபிசோடு எப்படிக்கா இருந்துச்சு?"

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டிவி ஓடிக்கிட்டுதான் தம்பி இருந்துச்சு," என்றாள் அம்மாள் சங்கடமாக. "நாங்க பேசிக்கிட்டே இருந்துட்டோம். ஏன், அன்னைக்கு ஏதாவது நடந்துச்சா?"

"இல்லக்கா," என்றார் புள்ளியார். "ஒண்ணும் நடக்கல."

"அதான பார்த்தேன்," என்றாள் தங்கை, ஊசியில் நூலைக் கோத்தபடி.