வாசல் மரத்து மேக்பை

காதோரம் ரத்தம் வழிய பாதர் கிட்டோ கோயிலுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தினார். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. தலையில் கவிழ்த்திருந்த ஐஸ்கிரீம் டப்பா வாசலிலேயே விழுந்துவிட்டது. பின்பக்கம் இரண்டு முட்டைக் கண் வரைந்த டப்பா. வசந்தம் பிறந்து மேக்பை பறவைகள் கூடு கட்டி, போகிறவர் தலையைக் கொத்தத் தொடங்கிவிட்டால் வாரிங்கா ஊரில் பாதிப் பேர் தலையில் அதுதான் தொப்பி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வாசல் யூகலிப்டஸ் மரத்து மேக்பை அந்த டப்பாவின் மேல் ஏறி நின்று, கருப்பும் வெள்ளையுமாகச் சிலிர்த்துக்கொண்டு பாடியது. பாட்டு என்னவோ தேன்தான். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் இந்த வாசல் மரத்து மேக்பை மற்ற யாரையும் தொடுவதில்லை. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் வில்மா அம்மாளின் செருப்பருகே வந்து பிஸ்கட் தூள் பொறுக்கும். தபால்காரி சைக்கிளில் போனால் திரும்பிக்கூடப் பார்க்காது. பாதர் தலை தெரிந்தால் மட்டும் வந்துவிடும். அவரோ ஜெபப் புத்தகத்தைவிட பைனாகுலரை அதிகம் தேய்த்தவர். கடவுளை முதலில் கண்டது ஏரிக்கரையில் ஒரு நாரை கால் எடுத்து வைத்த அழகில்தான் என்று பிரசங்கத்திலேயே சொன்னவர். அப்பேர்ப்பட்டவரை ஒரு பறவைக்குப் பிடிக்கவில்லை என்றால், அது அவருக்குள் எதைக் கண்டுகொண்டது? வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் காதைவிட அந்த இடம்தான் வலித்தது.

வில்மா பஞ்சும் மருந்தும் கொண்டுவந்தாள். கூடவே ஒரு தாளும்.

“கையெழுத்தப் போடுங்க பாதர். திங்கக்கெழம கவுன்சில் ஆளுங்க வந்து அந்த மேக்பையப் புடிச்சுட்டுப் போய் எங்கயாவது தூரத்துல விட்டுருவாங்க.”

“கூட்டுல குஞ்சு இருக்கே வில்மா.”

“கொத்துறது அப்பன்தான், குஞ்ச ஆத்தாக்காரி பாத்துக்குவா. நாளைக்குப் பிராணிங்க ஆசீர்வாதம், ஊர்ல உள்ள அம்புட்டு நாயும் கோழியும் வருது. நீங்க டப்பாவோட நின்னா நல்லாவா இருக்கும்?”

பாதர் பேனாவை எடுத்தார். பிறகு கேட்டார். “நான் அதுக்கு என்ன பண்ணேன்?”

வில்மா பஞ்சைக் காதில் அழுத்தினாள். “போன வருஷம் குஞ்சு கீழ விழுந்துச்சே. அங்கியோட ஏணில ஏறி அதத் திரும்பக் கூட்டுல வச்சீங்களே.”

“நல்லதுதானே செஞ்சேன்?”

“அது உங்க கணக்கு. அந்தப் பறவ பாத்தது, வெள்ள அங்கி போட்ட ஒருத்தன் புள்ளயத் தூக்குறத. இப்ப தலைல டப்பா வேற. மூஞ்சிய மறைக்கிறவன யாரு நம்புவா? நேருக்கு நேர் பாத்துக்கிட்டே போனா கிட்ட வராது. முதுகு காட்டினாத்தான் போச்சு.”

சிரிக்க ஆரம்பித்த பாதர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஒரு வருடமாகத் தேடிக் குழம்பிய பாவம் ஒரு ஏணிக்குள் அடங்கிவிட்டது. தாளைக் கையெழுத்திடாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “நாளைக்கு ஆகட்டும், பாக்கலாம்,” என்றார்.

ஞாயிறு காலை புல்வெளி நிறைய நாய்கள், கூண்டில் கிளிகள், ஒரு கிழட்டு ஆடு. பாதர் வெறும் தலையோடு, கையில் தீர்த்தக் கிண்ணத்தோடு, மரத்தையே பார்த்தபடி பின்னோக்கி நடந்து வந்தார்.

“நாப்பது வருஷமா வர்றேன், ரிவர்ஸ்ல வர்ற பாதர இன்னிக்குத்தான் பாக்குறேன்,” என்றாள் வில்மா.

மேக்பை கிளையில் அசையாமல் இருந்தது. பத்தடி, இருபதடி. பயம் தளர்ந்து புன்னகை வரும் நேரத்தில் ஆட்டுக் கயிறு காலை வாரியது. மல்லாக்க விழுந்தார். பாதித் தீர்த்தம் அவர் மார்பில். மீதியோடு கிண்ணம் புல்லில் நிமிர்ந்தே நின்றது. பையிலிருந்த தாள் நனைந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

மேலே சிறகு விரிந்தது. யாரோ “பாதர்” என்று கத்தினார்கள். அவர் முகத்தை மூடவில்லை.

“மன்னிச்சுக்கப்பா,” என்றார் மெதுவாக. “அன்னிக்குக் குஞ்சத் திருப்பி வைக்கத்தான் வந்தேன்.”

அது அவர் காதருகே இறங்கியது. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தது. பிறகு தத்தித் தத்திப் போய்க் கிண்ணத்துக்குள் இறங்கி, அலகை முக்கி, சிறகை உதறிக் குளிக்கத் தொடங்கியது. தீர்த்தம் தெறித்து அவர் நெற்றியிலும் கண்ணிலும் வாயிலும் விழுந்தது.

“கை குடுக்கவா பாதர்?” வில்மா கிசுகிசுத்தாள்.

“இரு வில்மா,” என்றார் அவர், இமைக்காமல். “அது இன்னும் முடிக்கல.”

வில்மா தன் வெயில் தொப்பியைக் கழற்றினாள். ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். நாய்கள்கூட உட்கார்ந்துவிட்டன. மேக்பை இன்னொரு முறை முங்கி எழுந்து சிறகை உதறியது.