மூன்று தகரத் தட்டுகள்

எண்பத்தேழு செப்டம்பரில் கோகிலவாணி நாலு நாள் லீவில் சங்கராபுரம் வந்தாள். மறுநாளே இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் தொடங்கிவிட்டது. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. அண்ணன் இளவரசனும் மறியலுக்குப் போய்விட்டான்.

திருவனந்தபுரத்தில் அவளுக்கு வேலை. ராக்கெட்டில் அனுப்ப ஒரு கருவியை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். சூரியனைச் சுற்றியுள்ள மங்கலான வளிமண்டலத்தை அது படமெடுக்க வேண்டும். ராக்கெட் உயரத்தில் இருக்கும் ஐந்து நிமிடம்தான் அவகாசம். சூரியனின் நடுப்பகுதியை ஒரு தட்டால் மறைத்தால், அந்தத் தட்டின் விளிம்பே பளபளவென்று மின்னிப் படத்தைக் கெடுத்தது. ஆறு மாதமாக இதே தலைவலி.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. எண்ணெய் டின்னை வெட்டி ஒரு தட்டு செய்தாள். நெல் மூட்டை அடுக்கும் இருட்டறையில் அதைக் கம்பியில் நிறுத்தினாள். அண்ணி செந்தமிழ்ச்செல்வி முற்றத்தில் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பினாள். தட்டின் நிழலில் வைத்த பூதக்கண்ணாடி, பின்னால் இருந்த காகிதத்தில் ஒரு ஒளிவளையத்தைக் காட்டியது. அதே விளிம்பு!

"கை மரத்துப் போச்சு கோகிலா. இன்னாதான் தெரியுது உள்ள?"

"இன்னும் கொஞ்ச நேரம் அண்ணி."

கொஞ்சம் சின்னதாக இன்னொரு தட்டை வெட்டி, முதல் தட்டின் நிழலுக்குள் நிறுத்தினாள். முதல் விளிம்பின் மினுக்கத்தை அது மறைக்க, வளையம் பாதியாக மங்கியது. அதற்குள் கல்வராயன் மலைப் பக்கமிருந்து மேகம் வந்து வெயிலை மூடிவிட்டது.

மதியம் இளவரசன் வியர்வையோடு வந்தான்.

"ஊரே ரோட்ல ஒக்காந்துகினு கீது. நீ இன்னான்னா தகரம் வெட்டிக்கினு கீற!"

"நீ ரோட்ட மறிக்கறண்ணா, நான் சூரியன மறிக்கறேன்."

சிரித்துவிட்டான். கத்தரியை வாங்கி மூன்றாவது தட்டை அவனே பிசிறில்லாமல் வெட்டிக் கொடுத்தான். மூன்றரை மணிக்கு வெயில் வந்தது. மூன்று தட்டுகளையும் வரிசையாக நிறுத்தியபோது காகிதத்தில் வளையத்தைத் தேடவேண்டியிருந்தது. கோகிலவாணி முற்றத்துக்கு ஓடி, அண்ணியைக் கண்ணாடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

பஸ் ஓட ஒரு வாரம் ஆனது. அதற்குள் வரைபடம் முழுதும் முடிந்திருந்தது.

அடுத்த ஆண்டு ராக்கெட் கிளம்பியது. கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெண்மையான இழைகள் படத்தில் தெளிவாக விழுந்திருந்தன. அன்று கேன்டீனில் அவள் இரண்டு சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டாள்.