பச்சைக் கூடைக்குக் கைப்பிடி

கைப்பிடி இல்லாமல் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது பச்சை வயர்க் கூடை, பின்னல் விளிம்பு வரை ஒழுங்காக ஏறி வந்து, பிடித்துத் தூக்க ஒன்றுமில்லாமல் நின்றுபோனது, தங்கதுரை குனிந்து அதை இழுக்கிறார், இதையும் பழைய சாமான்காரன்ட்ட போட்டுறட்டுமாளா என்கிறார், ஜெபக்கனி கட்டிலில் இருந்தபடியே, போட்டுருங்க, இனி யாரு பின்னப் போறா என்று சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்க்கிறாள், மூட்டுக்கு மூட்டு வீங்கி, தம்ளரைக்கூட நழுவவிடுகிற விரல்கள், சொன்னது வாய்தான், மனசு அந்தக் கூடையை விட்டு நகரவில்லை. அதை ஆரம்பித்தபோது கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்த புதுசு, ஜெபக்கூட்டத்துக்குப் போறவ சிவன் கண் முடிச்சு போடுதாளே என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி பண்ணுவாள், இவள் சிரித்துக்கொண்டே அடுத்த முடிச்சைப் போடுவாள், கைப்பிடிக்கு மட்டும் வயர் பற்றாமல் போயிற்று, வாங்கலாம் வாங்கலாம் என்று இருக்கும்போதே எதிர்வீட்டில் யாரோ எம்பிராய்டரி வளையத்தில் ரோஜா தைப்பதைப் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான், கூடைக்குள் நூல்கண்டுகள் குடியேறிவிட்டன. தலையணை உறையெல்லாம் பூ, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த தங்கதுரையின் கைக்குட்டையிலும் ஒரு பூ, கம்பத்து உச்சியில் நின்று அவர் அதை எடுத்து முகம் துடைத்தால் கீழே நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், மறுநாளும் அதையேதான் மடித்துக் கொண்டுபோவார். அந்த ரோஜா பிறகு துணியிலிருந்து கண்ணாடிக்கு ஏறியது, கூடையில் நூல் போய் கிளாஸ் பெயிண்ட் டியூபுகள் வந்தன, கால் வரையாமல் விட்ட மயில் ஒன்று இன்றும் பீரோ மேல் நிற்கிறது, கண்ணாடியில் எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்த மஞ்சள் நிற்கும் என்று படித்த கண்தான் மாடித் தோட்டத்தில் தொட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைத்தது, கூடையில் விதைப் பொட்டலங்கள், அப்புறம் மகள் வாங்கித் தந்த போனில் அந்தப் பூக்களையே படம் பிடித்தாள், இலைமேல் தண்ணீர், தண்ணீருக்குள் வானம், ஒவ்வொன்றையும் பாதியில் விட்டுவிட்டாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், எதையும் அவள் விடவில்லை, ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டேதான் அடுத்ததற்குத் தாவினாள். ஒண்ணையாவது முடிச்சிருக்கியாளா என்பார் தங்கதுரை, முடிஞ்சிட்டா அப்புறம் என்ன செய்யுததாம் என்பாள்.

இப்போது கூடைக்குள் மாத்திரை அட்டைகள், போனைத் தூக்கிப் பிடித்தாலே மணிக்கட்டு தெறிக்கிறது, கை சும்மா கிடக்கிற பொம்பளையாக அவளுக்கு இருந்து பழக்கமில்லை, அதுதான் பயம், வலிகூட அவ்வளவு பயமில்லை. தங்கதுரை அட்டைகளை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுக் கூடையோடு வெளியே போகிறார், போகட்டும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள், கண் நிறைகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட் திறக்கிற சத்தம், திரும்பினால் அவர் கையில் அதே கூடை, உள்ளே ஒரு கட்டு பச்சை வயர், அதே பச்சை இல்லை, இருந்தாலும் பச்சை. நீ சொல்லு, நான் பின்னுதேன் என்று தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறார், உங்களுக்கு என்ன தெரியும் என்கிறாள், காலம் பூரா வயரைத்தானளா கட்டுனேன் என்கிறார், அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நாலு முழம் வெட்டுங்க, மடிங்க, அப்படியில்ல, அடியில விட்டு மேல எடுங்க, இழுங்க, இப்படியா என்கிறார், ஆமா என்கிறாள், தன் விரல்களும் மடியில் மெல்ல மடங்கி அந்த முடிச்சைப் போடுவதை அவள் கவனிக்கவேயில்லை, ரோஜா தைத்த மத்தியானமும் இந்த மத்தியானமும் ஒன்றாகிவிட்டன, வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

முடிந்து தூக்கிப் பார்த்தால் கைப்பிடி கோயில் மணிக்கயிறு மாதிரி தொங்குகிறது, என்னங்க இது, நாலு முழந்தான சொன்னேன், நாலுதான் வெட்டுனேன் என்கிறார், முழம் அவள் கைக்கு, அளந்தது கம்பம் ஏறிய அவருடைய நீளக் கைக்கு, போதாததற்கு ஒவ்வொரு வயரிலும் தாராளமாக ஒரு முழம் கூடுதல், லைன் இழுத்தா தொய்வு விடணும்லா, இல்லன்னா காத்துக்கு அத்துரும் என்று தலையைச் சொறிகிறார், அவிழ்த்துருங்க என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள், எவ்வளவு குறைக்கணும்னு பாப்போம் என்று அதை அவள் தோளில் மாட்டுகிறார். இடுப்பருகே வந்து கூடை அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது. கையால் பிடிக்க வேண்டியதில்லை, விரல் மடக்க வேண்டியதில்லை, இரண்டு கையும் வீசி நடக்கிறாள், அடுப்படி வரை, வாசல் வரை, சாயந்தரம் மார்க்கெட் வரை, எத்தனை நாளாயிற்று தானே ஒரு கத்தரிக்காயை எடுத்துத் தன் கூடையில் போட்டு, பச்சை வயருக்கு நடுவே அந்த ஊதா எப்படி நிற்கிறது என்று குனிந்து குனிந்து பார்க்கிறாள், திரும்பும் வழியில் வயர்க் கடை முன்னால் கால் தானாக நிற்கிறது. இன்னொண்ணு பின்னுவமா, என்ன கலரு வேணும் என்கிறார் கூடவே வந்த தங்கதுரை. கலரு நான் சொல்லுதேன், அளவு மட்டும் உங்க கையிலயே எடுங்க என்கிறாள் ஜெபக்கனி.