அக்கா வீட்டு ஜெபக் கூட்டம்

என் அத்தான் வேதசிரோமணிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. அதை நல்ல குணம் என்று சொல்கிறவர்கள் அவர் வீட்டு வாசலை ஒரு தடவைகூட மிதித்திருக்க மாட்டார்கள். மிதித்திருந்தால் ஆணி குத்தியிருக்கும்.

தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் போகிற வழியில், அப்போது நாலைந்து வீடுகளே இருந்த ஒரு தெருவில் அவர்கள் வீடு. அத்தானுக்கு ரயில்வேயில் கிளார்க் வேலை. கல்யாணமான புதிதில், குழந்தை பிறந்தால் இன்னொரு அறை வேண்டுமே என்று, பல்லாவரத்தில் இடித்த ஒரு பழைய பங்களாவின் செங்கல்லை ஒரு வண்டி வாங்கிப் போட்டார். குழந்தை வரவில்லை. செங்கல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பிறகு ஜன்னல் சட்டம், உடைந்த ஓடு, துருப்பிடித்த தகரம், கால் போன பெஞ்சு என்று சேர்ந்தது. எதற்கு அத்தான் இதெல்லாம் என்று கேட்டால், "ஒரு நாள் உதவும் தபீதா" என்பார். கேட்டுக்குப் பின்னால் செங்கல் அடுக்கியிருந்ததால் கேட் பாதிதான் திறக்கும். ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். இரண்டு பக்கமும் ஆமணக்கும் எருக்கும் ஆள் உயரத்துக்கு நிற்கும். பின்பக்கம் வேலிக்காத்தான் மண்டி, கிணற்றடிக்கே வழி தேட வேண்டியிருந்தது.

என் அக்கா ரத்தினபாய் இதையெல்லாம் சகித்துக்கொண்டாள். அவளால் சகிக்க முடியாதது ஒன்றுதான். எங்கள் சபையில் மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டம் நடக்கும். மாதம் ஒரு வீடு, வரிசையாக. அக்காவின் முறை வரும்போதெல்லாம் அவளுக்குக் காய்ச்சல் வரும், அல்லது ஊரிலிருந்து விருந்தாளி வருவார்கள், அல்லது கிணறு தூர் வாரிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் பொய். முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். எல்லார் வீட்டு ஜமக்காளத்திலும் உட்கார்ந்து எல்லார் வீட்டுச் சுண்டலையும் சாப்பிட்டவள், ஒருத்தரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. "கையைத் துடைச்சிக்கிட்டு எழுந்து வர்றேன் தபீ. வெட்கமா இருக்கு" என்பாள்.

எழுபதாம் வருஷம், மழைக்காலத்துக்கு முன்னால், அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு அப்படியே தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தான் மட்டும் டானிக் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தார். நான் கீழ்க்கட்டளையில் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாதவள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அக்காவோடு வந்து தங்கினேன்.

ஒரு நாள் கஞ்சி கொடுக்கும்போது அக்கா சொன்னாள். "வாசலை ஒழிக்கணும் தபீ. கேட்டு முழுசாத் திறக்கணும். இல்லேன்னா பெட்டி எப்படி உள்ளே வரும்?"

"வாயைக் கழுவு. சாகிறதைப் பத்திப் பேசறதுக்கா கஞ்சி காய்ச்சினேன்?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால்தான் அழுகை வராது.

அவள் சிரித்தாள். "சரி, பெட்டிக்கு வேண்டாம். ஜெபக் கூட்டத்துக்கு. அடுத்த முறை நம்ம வீடு. இந்தத் தடவை பொய் சொல்ல மாட்டேன்னு உபதேசியார்கிட்ட சொல்லி அனுப்பிட்டேன். இல்லாட்டி அவங்க எல்லாரும் முதல் முதலா இந்த வீட்டுக்கு வர்றது என் சாவுக்காத்தான் இருக்கும். அது நல்லா இல்லை."

அடுத்த அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த அத்தான் காதில் முதல் பாதிதான் விழுந்தது. அல்லது அதைத்தான் அவர் காதில் வாங்கினார். வெளியே வந்து என்னிடம், "ஒரு கல்லைக்கூட யாரும் தொடக் கூடாது" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

தொடாமல் விடுவேனா? அவர் ஆபீசுக்குப் போனதும் கங்கம்மாவைக் கூப்பிட்டேன். ஏரிக்கரைப் பக்கத்துக் கூலிக்காரி, வேலையில் புலி. இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்குப் பின்னாலிருந்த செங்கல்லைக் கூடை கூடையாக எடுத்துத் தெரு ஓரத்தில் கொட்டினோம். கல்லுக்கு ஒரு தேள் இருந்தது. சாயங்காலம் அத்தான் வந்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, கொட்டின செங்கல்லை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவந்து பழைய இடத்தில் அடுக்கினார். மறுநாளும் நாங்கள் எடுத்தோம், அவர் அடுக்கினார்.

கங்கம்மா மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாம்மா இது பேஜாரா கீது? பகல்ல நாம எடுக்கிறோம், பொழுது சாஞ்சா சாரு அடுக்கிகினு கீறாரு. செங்கல்லை வெளியே போட்டா அக்கா போயிடும்னு நெனச்சிகினாரா?"

அவள் சும்மா கேட்டாள். ஆனால் அதுதான் உண்மை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாக மனசுக்குள் அவரை எவ்வளவு திட்டியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அத்தான் பேன்ட்டை மடிக்கிறபோது அக்கா கட்டிலிலிருந்தே கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வாங்க."

போனார். நான் அடுப்படியில் நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை, அந்த வீட்டில் எங்கே நின்றாலும் எல்லாம் கேட்கும்.

"நீங்க கட்டறதா இருந்த ரூமைப் பத்தி நான் ஒரு நாளாவது குறை சொல்லியிருக்கேனா?"

"இல்லை."

"நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்லை. இப்போ கேக்கறேன். நாலு பேரைக் கூப்பிட்டு, உட்கார வெச்சு, என் வீட்டுக் காபியைக் குடுத்துட்டுப் போறேனே. என்னைப் போக விடாம செங்கல் என்ன பண்ணும்?"

அத்தான் வெளியே போய் அந்தச் செங்கல் மேலேயே உட்கார்ந்து, இருட்டும் வரைக்கும் அழுதார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். அவர் எடுக்கவில்லை. நானும் எடுங்கள் என்று சொல்லவில்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போகவில்லை. மாட்டுவண்டி ஒன்றை அவரே கூட்டிவந்தார். கங்கம்மா புருஷன் சவுரிமுத்து கடப்பாரையோடு வந்தான். அத்தான் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கியதை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. தகரம் பழைய இரும்புக் கடைக்குப் போனது. செங்கல்லை யாரோ கொட்டகை போடுகிறவருக்குச் சும்மா கொடுத்தார். ஜன்னல் சட்டம் கரையான் அரித்து, கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றவர், பிறகு வண்டியில் போட்டார். வேலிக்காத்தானை வெட்டினோம், எருக்கைப் பிடுங்கினோம். கையெல்லாம் முள். சுண்ணாம்பில் நீலம் கலந்து அத்தான் சுவரெல்லாம் அடித்தார். தரையிலும் அடித்தார், என் புடவையிலும் அடித்தார். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து வாசலுக்குத் தூக்கிவந்து காட்டினோம். "இவ்வளவு இடமா இருந்தது நம்மகிட்ட!" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசித்தபோது, வேதசிரோமணி இல்லம் என்றதும் பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

வியாழக்கிழமை எல்லாரும் வந்தார்கள். வராத ஆள் இல்லை. அக்கா கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, தலையணை வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புடவைக்குள் ஆளே இல்லை. ஆனாலும் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி, "வாங்க, உள்ளே வாங்க" என்று அவளே கூப்பிட்டாள். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம் எல்லாம் முடிந்தது. சுண்டலை நான் பரிமாறினேன். "காபிக்குச் சர்க்கரை போதுமா?" என்று அக்கா எல்லாரையும் கேட்டாள். ஒரு வீட்டுக்காரியின் குரல் அது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

கடைசியில், வழக்கம்போல, "அடுத்த மாசம் யார் வீட்டில்?" என்று உபதேசியார் கேட்டார்.

ஜெபக் கூட்டங்களில் வாயே திறக்காத அத்தான் கதவோரத்திலிருந்து, "இங்கயே" என்றார்.

"முறைப்படி சாராள் அம்மா வீடு இல்லையா?" என்றார் உபதேசியார் மெதுவாக.

"ஆமாங்க, முறையை மாத்தக் கூடாது" என்றாள் அக்கா. "நம்ம முறை முடிஞ்சுது. இனி அவங்க முறை."

"இல்லை ரத்னா. இங்கயே வெச்சுக்கலாம்." அவர் சுற்றிலும் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். "வீடு சுத்தமாத்தானே இருக்கு? எல்லாரும் பார்த்தீங்கதானே? சுத்தமாத்தானே இருக்கு?"

யாரும் தலை நிமிரவில்லை. சாராள் அம்மாதான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "எங்க வீட்ல ஓடு மாத்தறோம். ஒரே குப்பை. அடுத்த மாசமும் இங்கயே வந்துடறோம், ரத்தினபாய். உனக்குச் சிரமம் இல்லைன்னா."

அக்கா அத்தானைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு என்ன சிரமம்? வாங்க" என்றாள்.

அடுத்த மாதம் அவர்கள் வந்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அக்காவைக் கல்லறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தோம். மழை பெய்து புல் தலைகாட்டியிருந்தது. அத்தான் விடிந்ததிலிருந்து உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தார். பாட்டு, வாசிப்பு, ஜெபம், சுண்டல் எல்லாம் ஆனது. காபியில் சர்க்கரை போதவில்லை என்பது எனக்கே தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.

"அடுத்த மாசம் யார் வீட்டில்?" என்று உபதேசியார் கேட்டார்.

"இங்கயே" என்றார் அத்தான்.

முறையை மாற்றக் கூடாது என்று சொல்ல இந்தத் தடவை ஆள் இல்லை. நான் சொல்லியிருக்கலாம். காபி டம்ளர்களை எடுக்கக் குனிந்துகொண்டேன்.