இரண்டடி இறங்கிய எல்லைக்கல்

சரிவில் அண்ணன் வீடு மேலே, தம்பி வீடு கீழே. நடுவில் நின்ற எல்லைக்கல் இரண்டடி கீழே இறங்கியிருந்தது. அண்ணன்தான் இரவோடு இரவாகப் பிடுங்கி நட்டிருப்பார் என்று நினைத்த தம்பி, சர்வேயரை அழைத்து வந்தான்.

சர்வேயர் உச்சிப் பாறையிலிருந்து அளந்தார். "ஆமா, ரெண்டடி இறங்கியிருக்கு."

"நான் சொன்னேன்ல சார்! ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறாரு பாருங்க."

"டேய், என் கையில கடப்பாரையப் பாத்தியா நீ?" என்றார் அண்ணன்.

சர்வேயர் பழைய வரைபடத்தை விரித்து வைத்து மறுபடி அளந்தார். எல்லையோரத்துப் பெரிய மரமும் அதே இரண்டடி இறங்கியிருந்தது.

"மரத்தையுமா தள்ளிட்டு வந்தாரு? சரிவு மண்ணே நகருதுங்க. வருஷத்துக்கு ஒரு விரலகலம். கல்லு நட்டு முப்பது வருஷமாச்சே."

தம்பி நம்பவில்லை. சர்வேயரையும் அண்ணன் கைக்குள் போட்டுக்கொண்டாரோ என்று யோசித்தபடியே வீட்டுக்குள் போனான். மேட்டுப் பக்கத்துச் சமையலறைச் சுவரில் மழைக்கு மழை விரிசல் விழும். கொத்தனாரைத் திட்டிக்கொண்டே பூசுவான். போன மாதம் பூசிய இடத்தில் இன்று விரல் நுழைந்தது.

வாசலுக்கு வந்து மேலே பார்த்துக் கூப்பிட்டான். "அண்ணே, கொஞ்சம் இறங்கி வாயேன்."

"இப்ப என்னத்தடா நகத்திட்டேன்?"